சிறுநீரகக் கட்டி அறுவைக்கு முப்பரிமாண மாதிரி: தேவைப்படும் மருத்துவமனைகளை அது எட்டுகிறதா?

புதுடெல்லி: சிறுநீரகத்தில் கட்டி இருப்பது உறுதியானதும், நோயாளியின் குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா, சிறுநீரகத்தையே எடுக்க வேண்டுமா என்பதே அது. இதற்கான விடை கட்டியின் அளவை மட்டும் பொறுத்ததன்று. கட்டி எவ்வளவு ஆழத்தில் புதைந்துள்ளது, தமனியின் எந்தக் கிளை அதற்கு இரத்தம் கொண்டு செல்கிறது, சிறுநீர் சேரும் குழிவுக்கும் கட்டிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி உள்ளது என்பனவெல்லாம் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. இவை அனைத்தையும் அறுவை அரங்கிற்குள் நுழையும் முன்பே மருத்துவர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வகை செய்வதே, 3டி பிரிண்டிங் எனப்படும் முப்பரிமாண அச்சில் உருவாகும் சிறுநீரக மாதிரி.

முப்பரிமாண அச்சு இந்தியர்களுக்குப் புதிய செய்தி அல்ல. பெங்களூருவில் 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அஞ்சல் நிலையக் கட்டடம் இந்த முறையில் எழுப்பப்பட்டது. சென்னை ஐஐடி வளாகத்தில் உருவான அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினுடன் 2024 மே 30 அன்று ராக்கெட்டை விண்ணில் செலுத்தியது. மருத்துவத் துறையிலும் தாடை எலும்பு, மண்டையோட்டுத் தகடு போன்றவற்றை நோயாளியின் அளவுக்கேற்ப அச்சிட்டுப் பொருத்துவது நடைமுறையில் உள்ளது. ஆனால் சிறுநீரக மாதிரி இவற்றிலிருந்து வேறுபட்டது. அது உடலுக்குள் செல்வதில்லை. அறுவைக்கு முன் சில நாள்கள் பயன்படுகிறது. பின்னர் அலமாரிக்குப் போய்விடுகிறது. ஒருமுறை மட்டுமே பயன்படும் இத்தகைய பொருளுக்காக இந்திய மருத்துவமனைகள் பணமும் நேரமும் செலவிட வேண்டுமா என்பதே இப்போது எழும் கேள்வி.

பகுதியா, முழுமையா?

முழு உடல் பரிசோதனைக்கோ, வயிற்று வலிக்கோ எடுக்கப்படும் அல்ட்ராசவுண்டில் தற்செயலாகச் சிறிய சிறுநீரகக் கட்டிகள் தென்படுவது உலகெங்கும் பெருகியுள்ளது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் சுமார் 4.34 லட்சம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அறுவை தேவைப்படும் 4 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளில், இயன்றவரை கட்டியையும் அதைச் சுற்றிய மெல்லிய விளிம்பையும் மட்டும் அகற்றி, எஞ்சிய சிறுநீரகத்தைக் காக்க வேண்டும் என்பதே அமெரிக்க, ஐரோப்பியச் சிறுநீரகவியல் சங்கங்களின் வழிகாட்டுதல். 7 சென்டிமீட்டர் வரையிலான கட்டிகளிலும், முடியுமிடத்தில் இம்முறை மேற்கொள்ளப்படுகிறது.

இதன் பயன் குறித்து லான்செட் ஆங்காலஜி இதழில் 2006இல் வெளியான நியூயார்க் ஆய்வு, இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 662 நோயாளிகளைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வில், பகுதி நீக்கம் செய்யப்பட்டவர்களில் 3 ஆண்டுகளுக்குப் பிறகும் சிறுநீரகச் செயல்திறன் குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இறங்காமல் இருப்பதற்கான வாய்ப்பு 80 சதவீதமாக இருந்தது. முழுச் சிறுநீரகத்தையும் இழந்தவர்களில் இது 35 சதவீதம் மட்டுமே. இன்னொரு தகவலும் அதில் கவனத்துக்குரியது. இரு சிறுநீரகங்களும் நன்றாக இருப்பதாகவும், கிரியேட்டினின் அளவு இயல்பாக இருப்பதாகவும் கருதப்பட்ட அந்த நோயாளிகளில் 26 சதவீதம் பேருக்கு, அறுவைக்கு முன்பே நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பு இருந்துள்ளது.

எனினும் இந்தப் படம் அவ்வளவு எளிதானதன்று. புற்றுநோய் ஆய்வுக்கான ஐரோப்பிய அமைப்பு 541 நோயாளிகளிடம் நடத்திய ஒப்பீட்டுச் சோதனையின் முடிவு 2011இல் வெளியானது. பகுதி நீக்கம் செய்யப்பட்டவர்கள் நீண்ட காலம் வாழ்வார்கள் என்ற எதிர்பார்ப்பு அதில் பொய்த்தது. 10 ஆண்டு உயிர்வாழ்வு முழு நீக்கக் குழுவில் 81.1 சதவீதம், பகுதி நீக்கக் குழுவில் 75.7 சதவீதம். இதே நோயாளிகளிடம் பின்னர் செய்யப்பட்ட ஆய்வில், மிதமான சிறுநீரகச் செயலிழப்பு பகுதி நீக்கக் குழுவில் தெளிவாகக் குறைந்திருந்தது. ஆனால் டயாலிசிஸ் நிலைக்கு அருகில் சென்றவர்களின் விகிதம் இரு குழுவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. எனவே சிறுநீரகத்தைக் காப்பது எல்லோருக்கும் ஒரே அளவு நன்மை தரும் என்று சொல்லிவிட முடியாது. எஞ்சியிருக்கும் ஒற்றைச் சிறுநீரகம் வருங்காலத்தில் எவ்வளவு சுமையைத் தாங்க வேண்டியிருக்கும் என்பதே தீர்மானமான கேள்வி.

இந்தியாவில் அந்தச் சுமை பெரிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு உள்ளது. வயது வந்தோரில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளது. சிறுநீரகத்தை மெல்ல மெல்ல அரிக்கும் முக்கியக் காரணிகள் இவ்விரண்டுமே. 50 வயதில் ஒரு சிறுநீரகத்தை இழக்கும் நீரிழிவு நோயாளி, மீதமுள்ள ஒன்றை 70 வயது வரை பேண வேண்டும். அது தவறினால், வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் மையத்துக்குச் செல்லும் வாழ்க்கை காத்திருக்கிறது. பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016இல் தொடங்கப்பட்ட பிறகு, மாவட்ட மருத்துவமனைகளில் அந்த வசதி விரிவடைந்துள்ளது. ஆயினும் பயணமும் வேலை இழப்பும் குடும்பத்தைத் தேய்த்துவிடுகின்றன.

ஸ்கேனில் இருந்து அச்சுக்கு

சிறுநீரகம் சுமார் 11 சென்டிமீட்டர் நீளமுள்ள உறுப்பு. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இரு சிறுநீரகங்களுக்கும் செல்கிறது. கட்டியை வெட்டும்போது இரத்தம் பீறிடாமல் இருக்க, தமனியைச் சிறிது நேரம் கிளாம்ப் போட்டு அடைப்பது வழக்கம். அந்த நிமிடங்களில் நல்ல திசுவும் இரத்தமின்றித் தவிக்கிறது. 25 முதல் 30 நிமிடங்களுக்குள் வெட்டி, தைத்து, கிளாம்பைத் திறந்துவிட வேண்டும் என்பது அறுவை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. கட்டிக்குச் செல்லும் கிளைத் தமனியை மட்டும் அடைக்க முடிந்தால், எஞ்சிய சிறுநீரகம் இந்தத் தவிப்பிலிருந்து தப்பும். எந்தக் கிளை என்பதை முன்கூட்டியே அறிவதற்கே வரைபடம் தேவைப்படுகிறது.

சி.டி. ஸ்கேன் அந்த வரைபடத்தைத் தருகிறது. ஆனால் நூற்றுக்கணக்கான தட்டையான துண்டுகளாகத் தருகிறது. அவற்றை மனத்துக்குள் அடுக்கி ஒரு முழு உருவமாகக் கட்டுவது மருத்துவரின் திறமை. நீண்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இது இயல்பாக வருகிறது. கட்டியின் சிக்கலை மதிப்பெண்ணாக்கும் 'ரீனல்', 'பதுவா' என்ற இரு அளவுகோல்கள் 2009இல் அறிமுகமாயின. அளவு, ஆழம், சேகரிப்பு மண்டலத்துக்கு உள்ள நெருக்கம் ஆகியவற்றைக் கணக்கிட உதவும் அவை, அறுவையின் கடினத்தை முன்னுணர்த்தும். வெட்டத் தொடங்கும் கோணத்தைக் காட்டமாட்டா.

மாதிரியை உருவாக்குபவர்கள் முதலில் சி.டி. தரவை மென்பொருளில் ஏற்றுகிறார்கள். தமனி, சிரை, கட்டி, சிறுநீர் சேகரிப்பு மண்டலம், நல்ல திசு ஆகியவை தனித்தனியாகப் பிரித்து வரையப்படுகின்றன. இதற்குச் செறிவூட்டி மருந்து செலுத்திய பின், வெவ்வேறு நேரங்களில் எடுக்கப்பட்ட படங்கள் வேண்டும். தமனி முதலில் ஒளிரும். பிறகு சிறுநீரகத் திசு. சில நிமிடங்கள் கழித்தே சிறுநீர்ப் பாதை. ஒவ்வொரு முறையும் நோயாளி மூச்சை அடக்கும் அளவு மாறினால், சிறுநீரகம் சில மில்லிமீட்டர் இடம் பெயர்ந்திருக்கும். அந்தப் படங்களைப் பொருத்திச் சரிசெய்வதும் பிரித்து வரைவதும் பல மணி நேரம் பிடிக்கும் வேலை. அச்சிடும் இயந்திரம் இரவெல்லாம் தானாக ஓடும். மனித உழைப்பு இதற்கு முந்தைய கட்டத்தில்தான் செல்கிறது. பேச்சு வழக்கில் அச்சு இயந்திரத்தின் விலையே பெரிதாக அடிபடுகிறது. உண்மையில் தட்டுப்பாடு, இந்தப் படங்களைச் சரியாகப் பிரிக்கத் தெரிந்த கதிரியக்க மருத்துவர்களுக்கும் பொறியாளர்களுக்கும்தான்.

ஒளி ஊடுருவும் பிசினில் நல்ல திசுவும், அடர் நிறத்தில் கட்டியும், சிவப்பிலும் நீலத்திலும் இரத்த நாளங்களுமாக வெளிவரும் மாதிரியைக் கையில் எடுத்தால், கட்டியின் அடிப்பகுதி எங்கே முடிகிறது என்பது பார்த்த மாத்திரத்தில் புலப்படும். திறந்த அறுவைக் காலத்தில் இந்த அறிவை மருத்துவரின் விரல் நுனியே தந்தது. லேப்ராஸ்கோபியும் ரோபோட்டிக் கருவிகளும் வந்த பின் நோயாளியின் காயம் சிறிதானது. மருத்துவரின் தொடுணர்வு பெருமளவு பறிபோனது. அந்த இழப்பின் ஒரு பகுதியை மாதிரி முன்கூட்டியே ஈடு செய்கிறது எனலாம்.

சான்றுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உள்ள டுலேன் பல்கலைக்கழக மருத்துவர்கள், 5 நோயாளிகளின் சிறுநீரகக் கட்டிகளை அச்சிட்டுப் பார்த்த முன்னோட்ட ஆய்வை 2014இல் வெளியிட்டனர். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் 2018இல், தந்தை மகளுக்குத் தானமளிக்கவிருந்த சிறுநீரகத்தில் புற்றாக இருக்கக்கூடும் என ஐயப்பட்ட கட்டி தென்பட்டது. அந்தச் சிறுநீரகத்தின் அச்சு மாதிரியைக் கொண்டு திட்டமிட்டு, கட்டியை அகற்றிய பின் உறுப்பு பொருத்தப்பட்டது. இவை போன்ற செய்திகள் ஊக்கமளிப்பவை. ஆனால் ஒன்றிரண்டு வெற்றிகள் சான்று ஆகா.

வலுவான சான்று என்று சொல்லத்தக்கது, ஜாமா நெட்வொர்க் ஓப்பன் இதழில் 2019இல் வெளியான ஒப்பீட்டுச் சோதனை. அமெரிக்காவில் ரோபோட்டிக் முறையில் பகுதி நீக்கம் செய்துகொண்ட 92 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு முப்பரிமாண மாதிரியின் துணையுடன் அறுவை திட்டமிடப்பட்டது. கட்டியின் சிக்கல் உள்ளிட்ட காரணிகளைக் கணக்கில் கொண்டு சரிசெய்தபோது, அறுவை நேரம், இரத்த இழப்பு, கிளாம்ப் நேரம், மருத்துவமனையில் தங்கும் காலம் ஆகியன மாதிரி பயன்பட்ட பிரிவில் குறைந்திருந்தன.

ஆனால் அந்தச் சோதனையில் பயன்பட்டது அச்சிட்ட பிளாஸ்டிக் மாதிரி அல்ல. கைப்பேசித் திரையிலும் மெய்நிகர் கண்ணாடியிலும் சுழற்றிப் பார்க்கும் கணினி மாதிரி. அச்சிடுவதை ஆதரித்துப் பேசுவோர் இந்த வேறுபாட்டை எளிதாகக் கடந்து விடுகிறார்கள். படங்களைப் பிரித்து வரையும் கடினமான வேலை முடிந்ததுமே கணினி மாதிரி தயாராகிவிடுகிறது. அதன் பிறகு அச்சிடுவது கூடுதல் செலவு. அந்தக் கூடுதல் செலவுக்கு ஈடான கூடுதல் பயன் கிடைக்கிறது என்பதை நிறுவ, அச்சு மாதிரியையும் திரை மாதிரியையும் நேருக்கு நேர் ஒப்பிடும் பெரிய அளவிலான சோதனைகள் வேண்டும்.

அச்சு மாதிரி திரையை விஞ்சக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது புறநோயாளி அறை. பிரான்சின் போர்தோ நகர மருத்துவர் உள்ளிட்ட குழுவினர் 7 நோயாளிகளிடம் அச்சு மாதிரியைக் காட்டி விளக்கியபோது, சிறுநீரகத்தின் அமைப்பு குறித்த அவர்களின் புரிதல் 50 சதவீதமும், செய்யப்படவுள்ள அறுவை குறித்த புரிதல் 44.6 சதவீதமும் உயர்ந்ததாக 2016இல் பதிவு செய்தனர். மிகச் சிறிய ஆய்வுதான். எனினும் இந்தியச் சூழலில் இதன் பொருள் பெரிது. அறுவைக்கான ஒப்புதல் படிவம் பல இடங்களில், படிக்கப்படாமலேயே கையொப்பம் பெறும் தாளாக உள்ளது. 'கிட்னி போய்விடுமா' என்று அஞ்சும் முதியவரிடம் கருப்பு வெள்ளை சி.டி. படத்தைக் காட்டுவதற்கும், அவருடைய சிறுநீரகத்தையே கையில் கொடுத்து 'இவ்வளவுதான் எடுக்கப் போகிறோம்' என்று சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. முழு நீக்கமே பாதுகாப்பு என்ற முடிவைக் குடும்பத்தார் ஏற்கவும், கேள்வி கேட்கவும் அதுவே வழி திறக்கிறது.

மாதிரிக்கும் வரம்பு உண்டு. உயிருள்ள சிறுநீரகம் கொழுப்பால் சூழப்பட்டது. நோயாளியைப் பக்கவாட்டில் படுக்க வைத்ததும் நகர்வது. தமனியை அடைத்ததும் சுருங்குவது. பிளாஸ்டிக் அப்படியே நிற்கும். படங்களைப் பிரிக்கும்போது ஒரு சிறு தமனி விடுபட்டால், அது மாதிரியிலும் இருக்காது. தெளிவற்ற சி.டி. படம் தன் ஐயத்தைத் தானே காட்டிவிடும். பளபளப்பான மாதிரி தவறாக இருந்தாலும் உறுதியாகவே தோன்றும். அறுவை மேசையில் அல்ட்ராசவுண்ட் கருவியால் கட்டியின் எல்லையை மீண்டும் உறுதி செய்யும் நடைமுறையை, எந்த மாதிரியும் நீக்கிவிட முடியாது.

யாரிடம் இருக்கிறது, யாருக்குத் தேவை?

இந்தியாவில் இந்த வசதி பெருநகரங்களின் பெரிய மருத்துவமனைகளைச் சுற்றியே வளர்கிறது. அப்போலோ மருத்துவமனைக் குழுமமும் மும்பையின் அனடோமிஸ்3டி நிறுவனமும், மருத்துவமனைகளுக்குள்ளேயே முப்பரிமாண அச்சு ஆய்வகங்கள் அமைக்க 2021இல் கைகோத்தன. இதில் ஒரு முரண் உள்ளது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான சிறுநீரகக் கட்டிகளைக் கையாளும் மூத்த நிபுணருக்கு மாதிரி ஓர் உறுதிப்படுத்தல் மட்டுமே. ஆண்டுக்குச் சில கட்டிகளை மட்டுமே காணும் மாவட்டத் தலைநகர மருத்துவருக்கு, அதுவே முழு நீக்கத்துக்கும் பகுதி நீக்கத்துக்கும் இடையிலான முடிவை மாற்றக்கூடும். கடினமான கட்டி எனத் தெரிந்தால், உரிய நேரத்தில் நோயாளியை மேல் மருத்துவமனைக்கு அனுப்பவும் அது துணிவு தரும். தேவை மிகுந்த இடத்தில் கருவி இல்லை. கருவி உள்ள இடத்தில் தேவை குறைவு.

அரசு மருத்துவமனைகளிலும் ரோபோட்டிக் அறுவை வந்துவிட்டது. சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022இல் இவ்வசதி தொடங்கப்பட்டது. பல கோடி ரூபாயில் கருவி வாங்கும் அரசுகள், அந்தக் கருவியை நன்கு பயன்படுத்த உதவும் படப் பிரிப்பு மென்பொருளுக்கும் அதை இயக்கும் பணியிடத்துக்கும் நிதி ஒதுக்குவதில்லை என்றால், அது சிக்கனம் ஆகாது. 3டி ஸ்லைசர் போன்ற திறந்த மூல மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சிறுநீரகத்தையும் கட்டியையும் தானாகப் பிரிக்கும் செயற்கை நுண்ணறிவு முறைகளும் வேகமாக வளர்கின்றன. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் 2019இல் 300 நோயாளிகளின் சி.டி. படங்களைக் கொண்டு நடத்திய போட்டி, இத்துறைக்குப் பெரும் உந்துதல் அளித்தது. அத்தகைய முறைகள் இந்திய நோயாளிகளின் படங்களில், குறிப்பாகத் தாமதமாக வந்து பெரிதாகிவிட்ட கட்டிகளில், எவ்வளவு துல்லியமாக இயங்கும் என்பதை இங்கேயே சோதித்தறிய வேண்டும்.

செலவை யார் ஏற்பது என்பதும் தீராத கேள்வி. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ஆனால் மருத்துவமனைக்கு வழங்கப்படுவது, பரிசோதனை, மருந்து, தங்கும் கட்டணம் அனைத்தையும் உள்ளடக்கிய ஒரே தொகுப்புத் தொகை. மாதிரி செய்தால் அதன் செலவு அத்தொகைக்குள்ளிருந்தே போகும். அதாவது மருத்துவமனையின் கையிலிருந்து. அமெரிக்காவிலும் இச்சிக்கல் முழுமையாகத் தீரவில்லை. ஆயினும் அங்கு 2019 ஜூலையில் உடற்கூறு மாதிரிகளுக்கென்று தற்காலிகக் கட்டணக் குறியீடுகள் உருவாக்கப்பட்டன. அதே ஆண்டில் கதிரியக்கவியல் அமைப்புகள் இணைந்து ஒரு தேசியப் பதிவேட்டையும் தொடங்கின. எந்த மாதிரி, எந்த நோயாளிக்கு, என்ன பயன் தந்தது என்ற தரவைத் திரட்டி, பிறகு பணம் கேட்பது அவர்களின் வழி. இந்தியாவில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட சேர்ப்பு உற்பத்திக்கான தேசிய உத்தி, 50 தொழில்நுட்பங்கள், 100 புத்தொழில் நிறுவனங்கள், 500 பொருள்கள் என இலக்குகளை வகுத்தது. நோயாளிக்குக் கிடைக்கும் பயனை அளக்க இத்தகைய எண்ணிக்கைகள் உதவா. அதற்கு மருத்துவமனைகளின் பொதுப் பதிவேடு தேவை.

தரக் கட்டுப்பாடும் தெளிவுபட வேண்டியுள்ளது. 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள், ஒரு குறிப்பிட்ட நோயாளிக்காக மருத்துவரின் எழுத்துப்பூர்வப் பரிந்துரைப்படி செய்யப்படும் கருவியைத் தனி வகையாக வரையறுக்கின்றன. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த அறிவிக்கை, மருத்துவப் பயனுக்கான மென்பொருளையும் கருவி என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. எலும்புக்குப் பதிலாகப் பொருத்தும் தகட்டுக்கு இவ்விதிகள் பொருந்துவது வெளிப்படை. உடலைத் தொடாமல், மருத்துவரின் முடிவை மட்டும் தொடும் மாதிரிக்கு என்ன தரம், தவறினால் யார் பொறுப்பு என்பதை மருத்துவமனைகளுக்கு எளிதில் விளங்கும் வழிகாட்டுதலாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், நோயறியும் நோக்கில் அச்சிடப்படும் மாதிரிகளுக்கான மென்பொருளுக்கு 2018இலேயே தனி அனுமதி வழங்கத் தொடங்கிவிட்டது.

இவற்றுக்கெல்லாம் காலம் பிடிக்கும். அதற்கு முன்பே, பெருஞ்செலவின்றிச் சரிசெய்யக்கூடிய குறை ஒன்று ஸ்கேன் மையங்களில் உள்ளது. மாதிரி செய்ய ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமனில் அமைந்த படங்கள் கணினித் தரவாக வேண்டும். சிறு ஊர்களிலிருந்து வரும் நோயாளிகள் பலர், பெரிய உறையில் அச்சிட்ட ஃபிலிம் தாள்களுடன் மட்டுமே மேல் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள். அந்தத் தாள்களைக் கொண்டு எந்த மாதிரியையும் உருவாக்க முடியாது. மெல்லிய துண்டுகளின் தரவு மையத்தின் கணினியிலிருந்து அழிக்கப்பட்டிருந்தால், ஸ்கேனையே மீண்டும் எடுக்க நேரிடும். அதற்கான கட்டணத்தோடு, ஏற்கெனவே பலவீனமான சிறுநீரகம் செறிவூட்டி மருந்தையும் இரண்டாம் முறை தாங்க வேண்டும். ஃபிலிம் தாளோடு ஸ்கேன் தரவு முழுவதையும் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ நோயாளியிடம் கொடுத்தனுப்பினால், இந்த இரண்டாவது ஸ்கேனைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.